அடிபட்டவரின் நடத்தையும் நட்டஈடும்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவிலுள்ள ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய அறங்காவலர் சபைகள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மவர் ஒருவர் தெருவில் அடிபட்டோ, கடையில் வெட்டுப்பட்டோ, வீட்டுக்குள் கணவனிடம் உதை வாங்கியோ உங்கள் முன்னால் வந்து நின்றால், "முதல்ல கதைச்சு முடிப்பம், பொலிசைப் பிறகு பாப்பம்" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காயப்பட்டவருக்கு இந்த நாட்டு அரசு தரக்கூடிய நட்டஈடு பல வேளைகளில் அந்த வார்த்தையோடேயே கைநழுவிப் போகிறது. அது எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு சமூக நிலையத்தில் இருந்து, ஆங்கிலம் வசப்படாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன். வாடகை உதவி, பிள்ளையின் பள்ளி அனுமதி, குடியுரிமை என்று எல்லாம் வரும். இடைக்கிடை இந்த நட்டஈட்டு விண்ணப்பமும் வரும். மற்றப் படிவங்கள் உங்கள் விலாசத்தையும் வருமானத்தையும் கேட்பதோடு விட்டுவிடும். இது, அடிபட்டவர் எப்படி நடந்துகொண்டார் என்றும் கேட்கும். எப்போது பொலிசுக்குச் சொன்னீர்கள், முழுதாக ஒத்துழைத்தீர்களா, உங்கள் மேல் தண்டனை ஏதும் உண்டா என்ற கேள்விகளுக்குச் சரியான பதில் இல்லாமல், காயத்தின் தழும்பை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம்.

வன்முறைக் குற்றத்தால் காயப்பட்டவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் ஏற்பாடு பிரித்தானியாவில் 1964இல் தொடங்கியது. 1995இல் அதற்கென்று சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2012 நவம்பரில் அமுலுக்கு வந்த திட்டம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றுக்கும் கிளாஸ்கோவில் இருக்கும் சி.ஐ.சி.ஏ. (Criminal Injuries Compensation Authority, குற்றக் காயங்களுக்கான நட்டஈட்டு அதிகாரசபை) என்ற அரச அமைப்பு அதை நடத்துகிறது. வட அயர்லாந்துக்கு வேறு திட்டம். எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மிகக் குறைந்தது 1,000 பவுண்ட்ஸ், மிகக் கூடியது 250,000. வருமான இழப்பு, பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்த்தாலும் 500,000ஐத் தாண்டாது. 2012இல் போட்ட பட்டியலை விலைவாசி ஏறிய பிறகும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. அடித்தவர் பிடிபட்டிருக்க வேண்டும் என்றோ தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ இல்லை. முகம் தெரியாத ஒருவன் அடித்துவிட்டு ஓடியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவும் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் திட்டத்தின் 22ஆம் பந்தியிலிருந்து 27ஆம் பந்தி வரை வாசித்தால் தொனி மாறிவிடும். நியாயமாக எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் பொலிசுக்கு அறிவித்திருக்க வேண்டும். அடித்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்த நியாயமான அளவுக்கு ஒத்துழைத்திருக்க வேண்டும். சி.ஐ.சி.ஏ. கேட்கும் விபரங்களைக் கொடுக்க வேண்டும். சம்பவத்துக்கு முன்போ, நடக்கும்போதோ, பின்போ விண்ணப்பதாரி நடந்துகொண்ட விதம் பொருத்தமற்றது என்று கண்டால் பணத்தைக் குறைக்கலாம், முற்றாக மறுக்கவும் செய்யலாம். பழைய தண்டனைகள் வேறு. போதாததற்கு, தண்டனையே இல்லாவிட்டாலும் பொதுவான குணநலனைப் பார்க்கவும் ஒரு பந்தி இருக்கிறது. பொதுப்பணத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு இது. அந்தக் கணக்கு சரியா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பொலிசுக்கு அறிவிப்பது. உங்கள் சங்கத் தலைவரிடம் சொன்னது கணக்கில் வராது. முதலாளியிடம், ஐயரிடம், பிள்ளையின் ஆசிரியரிடம் சொன்னதும் அப்படித்தான். பொலிசுக்கே சொல்லியிருக்க வேண்டும். வயது, மனநிலை, சம்பவத்தின் பாதிப்பு ஆகியவற்றால் உடனே சொல்ல முடியாமல் போயிருந்தால் அதைக் கவனத்தில் எடுப்பார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் சில மாதங்கள் வாயே திறக்காமல் இருந்ததை ஒரு அதிகாரி விளங்கிக்கொள்ளக்கூடும். "எங்கட ஊர்ப் பெரியவர் பாத்துக்கொள்ளுறன் எண்டவர், அதுதான் பேசாமல் இருந்தனான்" என்பதைச் சரியான காரணமாக ஏற்கவைப்பது மிகக் கடினம்.

ஒரு இளைஞர் வந்தார், கடையொன்றில் இரவு வேலை செய்பவர். பியர் எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் போனவனை மறித்தபோது போத்தலால் அடி விழுந்திருக்கிறது. புருவத்துக்கு மேல் தையல், ஒரு கண்ணில் பார்வை மங்கல். முதலாளி வந்து, பொலிஸ் வந்தால் கடை லைசன்சுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே தாதி எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "படியில விழுந்திட்டன்" என்று சொல்லும்படி காரிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. இளைஞர் என்னிடம் வந்தபோது கையில் இருந்த ஒரே ஆவணம் அந்த ஆஸ்பத்திரிக் கடதாசி. அதில் தெளிவான ஆங்கிலத்தில், படியில் தவறி விழுந்தார் என்று இருக்கிறது. கடைக் கமராப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது. அந்த முதலாளி ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர். இப்போதும் நல்ல மனிதர்தான், அந்தப் பையனுக்கு இரண்டு கிழமைச் சம்பளம் சும்மா கொடுத்தாராம்.

பொலிஸ், ஆஸ்பத்திரி, குடும்ப வைத்தியர் மூன்று இடத்திலும் முதல் தடவை என்ன சொல்லப்பட்டதோ அதுதான் பிறகு சி.ஐ.சி.ஏ.யின் மேசைக்குப் போகிறது. பொலிசிடம் அவர்கள் அறிக்கை கேட்பார்கள். அடிபட்டவர் எப்போது அறிவித்தார், வாக்குமூலம் கொடுத்தாரா, இடையில் பின்வாங்கினாரா, சம்பவத்தில் அவருடைய பங்கு என்ன என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஆகவே அன்றிரவு ஆங்கிலம் தெரியாமல் யாரோ ஒருவரை வைத்து அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்லவேண்டாம். பொலிஸ் மொழிபெயர்ப்பாளரைத் தரும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். மச்சானையோ, அதைவிட மோசமாக அடித்தவரின் உறவினரையோ மொழிபெயர்க்க விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒத்துழைப்பு என்பது அந்த இரவோடு முடிகிற விடயமல்ல. நம்மவர் வழக்குகளில் அடிக்கடி நடப்பது இதுதான்: முதல் நாள் பொலிசுக்குப் போவார்கள், வாக்குமூலமும் கொடுப்பார்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "பொடியன்ர எதிர்காலம் போயிடும், அவன்ர விசா என்னாகும்" என்று கதைப்பார். மனமிரங்கி வாக்குமூலத்தை மீளப் பெற்றுக்கொள்வார்கள். மறுபக்கம் கொஞ்சம் காசு கொடுக்கும், அல்லது கொடுப்பதாகச் சொல்லும். இதனால் மூன்று பாதிப்பு. வழக்கு படுத்துவிடும். 23ஆம் பந்தியின்படி நட்டஈடு மறுக்கப்படலாம். அதையும் தாண்டிக் கிடைத்தால்கூட, அடித்தவர் தரப்பிலிருந்து பெற்ற தொகை அதிலிருந்து கழிக்கப்படும். சமாதானம் பேசியவருக்கு மட்டும்தான் நல்ல பெயர்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறை விடயத்தில் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 20ஆம் பந்தியை ஆலய நிர்வாகங்களில் இருப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்பவத்தின்போது அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வளர்ந்தவர்கள் என்றால், இப்போது அவர்கள் பிரிந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ வாய்ப்பில்லை என்றும் இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டஈடு. கை முறிந்த நிலையில் வந்த பெண்ணைக் கோயில் மண்டபத்தில் இருத்தி, கணவனைக் கூப்பிட்டு, சாமிக்கு முன்னால் சத்தியம் வாங்கி, இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அவர் சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது அவருடைய முடிவு, அதில் நானும் நீங்களும் தலையிட உரிமையில்லை. ஆனால் அந்த முடிவால் சட்டப்படி எதை இழக்கிறார் என்று தெரிந்து முடிவெடுப்பது வேறு, நாலு பேர் சூழ்ந்து நின்று எடுக்க வைப்பது வேறு. அடித்தவருக்கு அந்தப் பணத்தால் பயன் போய்ச் சேரும் என்று தோன்றினாலும் மறுப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி சண்டைகள். பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு விழா, கிரிக்கெட் போட்டி முடிந்த கையோடு மைதானம், எங்கு நடந்தாலும் சண்டையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் ஒரு சொல் சொல்வார், மற்றவர் "வெளியில வா" என்பார், வெளியில் போவார்கள். அங்கே ஒருவருக்குத் தாடை உடையும். தாடை உடைந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று நாம் நினைப்போம். சி.ஐ.சி.ஏ. அப்படிப் பார்க்காது. உடன்பட்டுப் போட்ட சண்டையா, முதல் அடி யாருடையது, தூண்டியது யார், ஏற்கெனவே இவர்களுக்குள் கைகலப்பு நடந்திருக்கிறதா, சம்பவத்துக்குப் பிறகு ஆட்களைத் திரட்டிக்கொண்டு பழிவாங்கப் போனாரா என்றெல்லாம் பார்க்கும். "வெளியில வா" என்ற அழைப்பை ஏற்றுப் போனதே கணக்கு. இப்போது யாரும் வாய்ப்பேச்சை நம்பவேண்டியதில்லை. வாட்ஸப் குரல்பதிவுகள் இருக்கின்றன, மண்டபத்துக் கமரா இருக்கிறது, அடுத்த மேசையில் இருந்த பிள்ளை எடுத்த வீடியோவும் இருக்கிறது. தற்காப்புக்காகக் கையை ஓங்கினால் அது குற்றமல்ல, நட்டஈட்டுக்கும் தடையல்ல. ஆனால் அடிபட்ட மறுநாள் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு எதிராளியின் வீட்டுக் கண்ணாடியை உடைக்கப் போனால், முந்திய நாள் காயத்துக்கான பணத்தையும் அந்தக் கல்லோடு சேர்த்து எறிந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குடித்திருந்தால் ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள், பொலிசுக்குப் போகவும் வெட்கப்படுகிறார்கள். இது சரியல்ல. குடிபோதையில் இருந்ததால் எளிதில் இலக்காகிவிட்டார் என்பதை அவருக்கு எதிரான நடத்தையாக எடுக்கக்கூடாது என்று 25ஆம் பந்தியிலேயே எழுதியிருக்கிறது. வெறியில் பஸ் தரிப்பிடத்தில் தூங்கிவிழுந்தவரை அடித்துப் பறித்தால் அவர் முழு உரிமையோடு விண்ணப்பிக்கலாம். வெறியில் போய் நாலு பேரை வம்புக்கிழுத்து அடிவாங்கினால், அங்கே கணக்கில் வருவது குடி அல்ல, வம்பிழுத்தது.

அடுத்து வருவது பழைய தண்டனைகள். இங்கேதான் திட்டத்தின் மேல் எனக்குக் கடும் கோபம். உங்களிடம் நான் கேட்கும் இரண்டாவது உதவியும் இதைப் பற்றியதே.

இந்த நாட்டுச் சட்டத்தில் பெரும்பாலான தண்டனைகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் காலாவதியாகிவிடும். அபராதம் என்றால் தீர்ப்பிலிருந்து 12 மாதத்தில். சிறைத்தண்டனைக்கு அதன் நீளத்தைப் பொறுத்துக் கூடுதல் காலம். விண்ணப்பிக்கும் நாளில் காலாவதியாகாத தண்டனை ஒன்று உங்கள் பெயரில் இருந்து, அது சிறைத்தண்டனையாகவோ சமூக சேவை போன்ற நிபந்தனைகளோடு கூடிய சமூகத் தண்டனையாகவோ இருந்தால், 2012 திட்டத்தின் பின்னிணைப்பு டி-யின்படி ஒரு சதமும் கிடையாது. அதிகாரிக்கு இரங்கவும் அதிகாரமில்லை. அபராதம் போன்ற மற்றத் தண்டனைகள் என்றால், விதிவிலக்கான காரணம் இருந்தாலொழியக் குறைக்கலாம் அல்லது மறுக்கலாம். வெறும் வீதிப் போக்குவரத்துப் புள்ளிகளும் அபராதமும் மட்டும் இதற்குள் அடங்காது. முன்னைய திட்டங்களில் தண்டனையின் கனத்தையும் பழமையையும் பார்த்துப் புள்ளி போட்டுக் குறைக்கும் வழி இருந்தது, அதிகாரி சூழ்நிலையையும் பார்க்கலாம். 2012இல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இது எவ்வளவு முரட்டுத்தனமானது என்று பார்க்க ஒரு உதாரணம். கடைக்காரர் ஒருவர் வரி கட்டாத சிகரெட் விற்றதற்காகச் சமூகத் தண்டனை பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்தது பிழை, அதற்குத் தண்டனையும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்துக்குள் முகமூடி போட்ட ஒருவன் கடைக்குள் புகுந்து அவர் வயிற்றில் கத்தியால் குத்துகிறான். உடனே பொலிசுக்குச் சொன்னார், முழுதாக ஒத்துழைத்தார், நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். ஆனாலும் அந்தத் தண்டனை காலாவதியாகும் முன் விண்ணப்பித்தால் கிடைப்பது பூச்சியம். சிகரெட்டுக்கும் கத்திக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 25ஆம் பந்தியிலாவது அடிபட்டவர் அந்தச் சம்பவத்தில் எப்படி நடந்தார் என்று பார்க்கிறார்கள், அதில் ஒரு நியாயம் உண்டு. இந்த விதியில் அதுவும் இல்லை.

நீதிமன்றத்தாலும் இதை அசைக்க முடியவில்லை. ஆட்கடத்தலுக்கு உள்ளாகி இங்கே கொண்டுவரப்பட்டு வேலை வாங்கப்பட்ட லித்துவேனிய சகோதரர் இருவர், அதற்கு முன்பு தங்கள் நாட்டில் பெற்ற களவுத் தண்டனைகளுக்காக மறுக்கப்பட்டார்கள். அவர்களுடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஜூலையில் வந்த தீர்ப்பு, விதி சட்டப்படி செல்லும் என்றது. சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய சுயாதீன விசாரணைக் குழு, இளவயதில் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் அந்தப் பாதிப்பாலேயே சிறு குற்றங்களில் விழுகிறார்கள், அப்படித் தொடர்புள்ள தண்டனைகளை வைத்து நட்டஈட்டை மறுக்கக்கூடாது என்று 2018இலும் 2022இலும் பரிந்துரைத்தது. அரசாங்கம் கருத்துக் கேட்டது, மீண்டும் கேட்டது, 2025 ஏப்ரலில் திட்டத்தை மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

மாற்றவே முடியாது என்று இதைக் கைவிட நான் தயாரில்லை. இதே திட்டத்தில் வேறு இரண்டு இடங்களில் மாற்றம் வந்திருக்கிறது. 1979 ஒக்டோபருக்கு முன், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவரால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நட்டஈடு இல்லை என்ற விதியை 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நியாயமற்றது என்றது, 2019இல் அது நீக்கப்பட்டது. இன்னொன்று அதைவிடக் கொடுமை. பெரியவர்களால் ஏமாற்றிச் சீரழிக்கப்பட்ட சிறுவர்கள் "உண்மையில் சம்மதித்தார்கள்" என்று காரணம் காட்டி, ஏறக்குறைய 700 பிள்ளைகளின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டிருந்ததைத் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து 2017இல் வெளியே கொண்டுவந்தன. குற்றவாளிக்குச் சிறை, பிள்ளைக்கு நட்டஈடு இல்லை. பத்திரிகைகளில் வந்த பிறகு சில மாதங்களுக்குள் சி.ஐ.சி.ஏ. தன் வழிகாட்டலை மாற்றியது. சத்தம் போட்டதால்தான் மாறியது. நமது அமைப்புகள் ஆண்டுதோறும் பாராளுமன்ற உறுப்பினர்களைப் பொங்கல் விழாவுக்கு அழைத்து மாலை போடுகின்றன. அடுத்த முறை மாலையோடு ஒரு பக்கக் கடிதமும் கொடுங்கள்: காலாவதியாகாத தண்டனை இருந்தாலும், சம்பவத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று.

அதுவரை, தண்டனை உள்ளவர்களுக்கு நடைமுறையில் ஒரு சிறு வழி இருக்கிறது. விதி பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளை. பொதுவான கால எல்லை சம்பவத்திலிருந்து 2 வருடம். அபராதத் தண்டனை மட்டும் உள்ள ஒருவர், அது காலாவதியாகும் திகதியைப் பார்த்து, 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க முடிந்தால் நிலைமை முற்றிலும் மாறலாம். இதைத் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட ஆலோசனை நிலையத்திலோ காட்டிச் செய்வது நல்லது. திகதிக் கணக்குத் தவறினால் நட்டஈடு முழுவதுமே கைநழுவிவிடும்.

கால எல்லை பற்றி இன்னொரு குழப்பம். வழக்கு நடக்கும்போது நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தால், காசுக்காகத்தான் பழி சுமத்துகிறாய் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார் என்ற பயத்தில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கிறார்கள். அப்படிக் கேட்பது உண்டுதான். ஆனால் வழக்குகள் இன்று இழுபடும் வேகத்தில் 2 வருடம் தானாகவே ஓடிவிடும். தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சி.ஐ.சி.ஏ.யே சொல்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில் காலம் நீட்டிப்பார்கள், அதை நம்பி இருக்கக்கூடாது. சிறுவயதில் பாதிக்கப்பட்டு 18 வயதுக்கு முன்பே பொலிசுக்குத் தெரியப்படுத்தியிருந்தால் 20ஆவது பிறந்தநாள் வரையும், 18க்குப் பிறகுதான் தெரியப்படுத்தினார்கள் என்றால் அந்த நாளிலிருந்து 2 வருடமும் உண்டு. மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்துவிடவில்லை. 56 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். மீளாய்விலும் இல்லையென்றால் 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நடத்தை பற்றிய மறுப்புகளில் தீர்ப்பாயம் சாட்சியைக் கேட்டு வேறு முடிவுக்கு வருவதும் உண்டு. அங்கே நேரில் பேசக் கிடைக்கிறது, கடிதத்தில் அது இல்லை.

விசா இல்லாதவர்கள், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பொலிசுக்குப் போனால் உள்துறை அமைச்சுக்குத் தெரியவருமா? சில வேளைகளில் தெரியவருவதுண்டு, இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் நட்டஈட்டு விண்ணப்பத்தைப் போட்டுவைக்கலாம். அந்த முடிவு வரும்வரை இதை ஒத்திவைப்பார்கள். ஆகவே இப்படிப்பட்டவர் உங்களிடம் வந்தால், அன்றைக்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியோடு தொலைபேசியில் இணைத்துவிடுங்கள். "ஒண்டும் வேண்டாம், பேசாமல் இரு" என்பது நிர்வாகத்துக்கு வசதியான ஆலோசனை, அவருக்கு அல்ல.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய வேலையல்ல. சங்கத்தில் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணையும் சேர்த்து, இதற்கென்று பொறுப்பாக்குங்கள். அடிபட்டு வருகிறவரை அவர் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லட்டும், கதையைத் திருத்திக் கொடுக்க வேண்டாம். முறைப்பாட்டுக்குப் பொலிஸ் தரும் குற்ற இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். காயத்தைப் படம் எடுத்து வைக்கட்டும். சமாதானம் பேச வருகிறவர்களுக்கு, இது இப்போது பொலிசில் இருக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். உங்கள் மண்டபத்தில் விழா நடக்கும் நாட்களில் கமராப் பதிவை யார் பாதுகாப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தகராறு நடந்த மறுநாளே "தவறுதலாக" அழிந்துபோகும் பதிவுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான கடிதத்தின் தமிழ், ஆங்கில வரைவுகளை நான் எழுதித் தருகிறேன். எந்தச் சங்கமும் தன் பெயரைப் போட்டு, தனக்கேற்ப மாற்றி அனுப்பலாம். எந்தெந்த நிர்வாகங்கள் இதற்கு உடன்படுகின்றன என்பதை உங்கள் அடுத்த பொதுக்கூட்ட அறிவித்தலோடு சேர்த்து வெளியிட்டால், வரைவை அங்கேயே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர்,
லண்டன்